மூன்றாம் பிரி

மச்சான்,

நேற்றுத் தம்பலகாமத்தில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், மழைக்கு ஓர் உழவு இயந்திரப் பட்டறைக்குள் ஒதுங்கி நின்றேன். உள்ளே ஒருவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆணியொன்றைக் குறட்டால் தூக்கி எண்ணெய் வாளிக்குள் விட்டான். உஸ்ஸென்று ஒரு சத்தம். பின்னாலேயே அந்த மணம் வந்தது. சுட்ட இரும்பும் கருகிய எண்ணெயும் கலந்து தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற மணம். மழை விடுமுன்பே நான் வீதியில் இறங்கி நடந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது வேட்டி முழுக்க நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர், "என்ன ஐயா, மழை விடுமட்டும் நிண்டிருக்கலாமே" என்றார்.

நீ போய் எட்டு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு அனுப்பப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் முதலிலிருந்து, ஒன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

நாம் முதன்முதல் கண்டுகொண்டது ஒரு வடிகாலுக்குள். வருசப்பிறப்புக்குச் சில நாட்கள் இருந்தன. காலையில் நான் துறைமுகப் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீ கரையோரத்துச் சல்லியிலிருந்து ஓலைக் கடகத்தில் மீன் கொண்டு வந்திருந்தாய். வானத்தில் ஜப்பான்காரனின் விமானங்கள் இரையத் தொடங்கியதும் வீதியில் நின்ற எல்லோரும் கிடைத்த பள்ளத்தில் விழுந்தோம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது எனக்குப் பக்கத்தில் ஒருவன் மீன் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தான். நிலம் அதிர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"குண்டுக்குக் கடகம் தாங்குமோ?" என்றேன்.

"தாங்காட்டி என்ன, மீன் நாத்தத்தில திரும்பிப் போயிடுவாங்கள்" என்றாய் நீ.

சீனன்குடாப் பக்கம் எண்ணெய்க் குதம் எரிந்து கரும்புகை எழும்பியது. பட்டினம் இரண்டு நாளில் வெறிச்சோடிப் போயிற்று. சனங்கள் மூட்டை முடிச்சோடு தம்பலகாமத்துக்கும் அதற்கு அப்பாலும் நடந்தார்கள். அம்மாவையும் தங்கைமார் இருவரையும் நான் மாட்டுவண்டியில் அங்கே கொண்டுபோய் விட்டேன். அந்த வண்டியில் பாதித் தூரம் உன்னைப் பெற்ற ஆத்தையும் வந்தார். வண்டிக்குப் பின்னால் நீயும் நானும் உன் தம்பி தவராசாவும் நடந்து வந்தோம். அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிய்த்து மூன்று பேருமாய்த் தின்றோம். அந்த வண்டிப் பாதையில்தான் நீ என்னை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினாய். சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வேறு பெயரில் நீ என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

சண்டை நீள நீளக் கடலுக்குப் போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. இன்ன இடத்தில் வலை போடக்கூடாது, இன்ன நேரத்துக்குப் பிறகு வள்ளம் இறக்கக்கூடாது என்றார்கள். கரையில் சும்மா இருந்து என்ன செய்வதென்று நீயும் தவராசாவும் துறைமுகத்தில் கூலிக்குச் சேர்ந்தீர்கள். கடலை அறிந்தவர்கள் என்பதால் உங்களைத் துறைமுகத்து வாயில் போட்டார்கள். நீர்மூழ்கிகள் உள்ளே வராதபடி அங்கே குறுக்காகக் கட்டியிருந்த இரும்பு வலையைப் பராமரிக்கிற வேலை. தட்டையான பெரிய வத்தைப் படகு ஒன்றில் போய், வலையைப் பிடித்து வைக்கிற கொங்கிறீட் கட்டிகளை இறக்குவதும் சிக்கிய வடங்களை அறுத்து விடுவதும்தான் நாள் முழுக்க.

உங்களுக்குக் கொடுத்திருந்த கத்திகள் மொட்டை. கீல் பூசிய, நனைந்த, கை மொத்த வடத்தை அவை நக்கத்தான் செய்தன. ஒருநாள் மத்தியானம் நீ பட்டறை வாசலுக்கு வந்தாய். கையில் சாக்குத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. குண்டில் நொறுங்கிய லொறியொன்றின் வில்லுத் தகடு அது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட.

"மச்சான், இது நல்ல உருக்கோ?"

நான் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். "நல்ல உருக்கு. என்னத்துக்கு?"

"ஒரு கத்தி செய்து தா. வடத்தை அறுக்க ஏலாத கத்தி இடுப்பில இருந்தாலென்ன, விட்டாலென்ன. நாங்கள் நிக்கிற இடம் உனக்குத் தெரியாது. கட்டி இறங்கேக்க வடம் பாம்பு மாதிரி ஓடும். அதுக்குள்ள ஒருத்தன்ர கால் போனா, அறுத்தால்தான் ஆள்."

எதற்காகக் கேட்கிறாய் என்று நீ தெளிவாகச் சொல்லித்தான் கேட்டாய். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பட்டறையில் எனக்கு வாய்த்த வேலை அதுதான். உளிகளுக்கும் துளையாணிகளுக்கும் தோய்ச்சல் போடுவது. இரும்பை உருவாக்குகிறவர்கள் வேறு. அவர்கள் தருவதை உலையில் வைத்து, நிறம் பார்த்து, எண்ணெயில் தோய்த்து, பிறகு அளவாகச் சூடு காட்டிப் பதம் இறக்கிக் கொடுப்பேன். வெளிவேலை செய்வது குற்றம். பிடிபட்டால் வேலை போகும், சண்டைக் காலத்தில் மறியலில் போட்டுப் பூட்டியும் விடுவார்கள். ஆனாலும் நான் மறுக்கவில்லை. சாப்பாட்டு நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செய்தேன். தகட்டைக் காய்ச்சி நிமிர்த்தினேன். வெட்டிக் கத்தித் துண்டாக்கினேன். ஆறவிட்டு அரத்தால் வடிவம் எடுத்தேன். வெட்டும் வாய்ப்பக்கத்தைக் கொஞ்சம் தடிப்பாகவே விட்டேன், நெருப்பில் கோணாமல் இருக்க. பத்து நாள் ஆனது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தோய்ச்சல் வைத்தேன். யன்னலைச் சாக்கால் மூடினேன். வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும். கரியை மெல்ல ஊதி, கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பிடித்தேன். முதலில் மங்கல், பிறகு முற்றிய மாதுளம் முத்தின் சிவப்பு. அப்போது காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் இரும்பு அதை அறியாதது போல் இருக்க வேண்டும். இருந்தது. எடுத்து நேராக எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கினேன். மேலே தீ ஒருதரம் எழும்பி அடங்கிற்று. ஆறியபின் எடுத்து அரத்தை வைத்து இழுத்தேன். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. ஒரு கோணல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. அதுவரை என் கையால் அவ்வளவு நேர்த்தியாய் ஒரு தோய்ச்சல் விழுந்ததில்லை.

அதோடு வேலை முடியாது. எண்ணெயிலிருந்து வந்த உருக்கு கடினமாய் இருக்கும், ஆனால் முரட்டுத்தனமான கடினம். கீழே போட்டாலும் உடையலாம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுட்ட இரும்புத் தட்டில் முதுகுப்பக்கத்தை வைத்து, மெல்ல மெல்லச் சூடு ஏற்ற வேண்டும். வாயில் வைக்கோல் நிறம் ஓடிவரும்வரை, முதுகில் கத்தரிப்பூ நிறம் தெரியும்வரை. அப்போதுதான் கத்தி வளைந்து கொடுக்கும், முறியாது. அதற்கு ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரம் போதும். அன்றைக்கு மணி அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்யலாம் என்று பிடியை மட்டும் பொருத்தி, பழந்துணியில் சுற்றிக் கரிப்பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உளிகளோடு உளியாய் அதையும் சாணையில் பிடித்து வாயைக் கூராக்கினேன். மத்தியானத்துக்கு முன்பே நீ வந்துவிட்டாய். தவராசாவும் உங்கள் வத்தையில் வேலை செய்த வேறு இருவரும் கூட வந்தார்கள். கப்பல்கள் வரப்போகின்றன, இனி மூன்று நாளைக்கு நிற்க நேரமில்லை என்றாய்.

"ஒருக்காக் காட்டன் மச்சான். பார்த்திட்டுப் போறம்."

நான் எடுத்துக் காட்டினேன். நீ முன்கையில் வைத்து மயிரை வழித்தாய். சத்தமில்லாமல் வழித்துப் போட்டது. மற்றவர்களில் ஒருவர் இடுப்பிலிருந்த கீல் கயிற்றுத் துண்டைப் பிடித்தார். நீ ஒரே இழுப்பில் அறுத்தாய். நாலு பேரும் ஒன்றாய்ச் சிரித்தீர்கள்.

"அண்ணை, இதை வைச்சுக் கப்பலையே ரெண்டாப் பிளக்கலாம்!" என்றான் தவராசா. கத்தியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு ஆவணியில் நிலாவெளியில் கலியாணம் ஒழுங்காகியிருந்தது. "என்ர கலியாணத்துக்கு ஆடு உரிக்கவும் இதுதான்" என்றான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இது இன்னும் முடியவில்லை, தா, மணி அடித்ததும் செய்து தருகிறேன் என்று. அந்தப் புறத்தில் பட்டறையை மேற்பார்க்கும் ஓவசியர் நடந்துகொண்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பயந்து நான் பேசாமல் இருக்கவில்லை. நாலு பேர் என் கைவேலையைப் புகழ்ந்துகொண்டு நிற்கும்போது, இது அரைகுறை வேலை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை இத்தனை வருடமும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

நீ இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பியபோது, பின்னால் நின்று சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை ஒருக்காக் கொண்டு வா, ஒரு சின்ன வேலை இருக்கு."

"ஓம், வாறன்" என்று திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கினாய்.

என்ன வேலை என்று நான் சொல்லவில்லை. அதுவரை பாவிக்காதே என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்கு வேலை வைத்தார்கள். நீ வரவில்லை. திங்கள் காலை பத்து மணியளவில் வத்தையில் ஓர் ஆள் போய்விட்டதாகப் பட்டறைக்குச் செய்தி வந்தது. நான் ஓடினேன். இறங்குதுறையில் நீ நனைந்து விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். கத்திப் பிடி உன் கைக்குள் இருந்தது. பிடிக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்குத்தான் அலகு நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதை எடுக்கப் பார்த்தார்கள், உன் விரல்கள் விடவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

நடந்ததை நீ எனக்கு அன்று சொன்னாய், பிறகும் எத்தனையோ தரம் சொன்னாய். கட்டி சரிந்தது. வடம் ஓடியது. தவராசாவின் கணுக்காலில் ஒரு சுருக்கு விழுந்தது. அவன் வத்தையின் ஓரத்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தான். நீ பாய்ந்து போய் அவன் காலுக்குக் கீழே வடத்தில் கத்தியை வைத்தாய். அது மூன்று பிரி முறுக்கிய வடம்.

"ரெண்டு பிரி அறுத்துப்போட்டன் மச்சான். ஒரு பிரிதான் மிச்சம். அதுக்குள்ள நுனியைக் குடுத்து நெம்பினன். டிக் எண்டு ஒரு சத்தம். அவன்ர கை விட்டிட்டுது."

நீ அவனுக்குப் பின்னாலேயே கடலில் குதித்தாய். இரண்டு தரம் மூழ்கினாய். அந்த இடத்துக் கடல் எவ்வளவு ஆழமென்று ஊருக்கே தெரியும். பின்னேரம் சுழியோடிகள்தான் அவனைக் கொண்டுவந்தார்கள்.

விசாரித்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கேட்க, எழுதுவினைஞர் தமிழில் சொன்னார். கத்தி ஏது என்று கேட்டதற்கு நீ, "கடையில வாங்கினது" என்றாய். ஏன் முறிந்தது என்று கேட்டதற்கு, "நான் முறுக்கிப்போட்டன்" என்றாய். உன் தம்பி செத்து மூன்றாம் நாள் அது. அந்த நிலையிலும் என் வேலை போய்விடக் கூடாது என்று யோசித்துப் பொய் சொன்னாய். நான் அங்கே இல்லை. கூட இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கத்தித் துண்டைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஓவசியர் அதைக் கொண்டுவந்து என்னிடம்தான் தந்தார். தோய்ச்சல் வேலை என்னுடையதல்லவா.

"பார்த்துச் சொல்லும், ஏன் முறிஞ்சது?"

முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணி மணியாய் இல்லை. நனைந்த கற்பலகை போல மெல்லிய சாம்பல் நிறம். நெருப்பில் ஒரு பிழையும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வளைவு ஒரு நூல்கூட இல்லாமல் நேராய் முறிந்திருந்தது. பதம் இறக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. தொழில் தெரிந்தவன் எவனும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். அந்தப் பட்டறையில் அப்படிச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"கூடாத உருக்கு. கடைக் கத்தி" என்றேன்.

"அப்ப அவன்ர விதி" என்றார் ஓவசியர். துண்டை வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் பயம்தான். அம்மாவும் தங்கைமாரும் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மறியலுக்குப் போனால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சண்டை முடிந்தது. துரைமார் கப்பலேறினார்கள். ஓவசியரும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை.

நீயாகவே ஒருதரம் கேட்டாய். தவராசாவின் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து ஒரு கிழமை இருக்கும். சல்லிக் கோயிலுக்கு முன்னால் கடற்கரையில் இருந்தோம். காலை நேரம். கரைவலை இழுப்பவர்களின் ஏலேலோ கேட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், உனக்கு இரும்பு தெரியும். உண்மையைச் சொல்லு. அது ஏன் முறிஞ்சது? நான் முறுக்கினதாலயோ?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டு, "உப்புத் தண்ணி பட்ட இரும்பை நம்பேலாது" என்றேன்.

மூன்று நாளில் எந்த உப்பு அந்தக் கத்தியைத் தின்றிருக்கும்? நீ கடல்காரன், யோசித்திருந்தால் உனக்கே விளங்கியிருக்கும். ஆனால் நீ என்னைச் சந்தேகிக்கிறவன் இல்லை. தலையை ஆட்டினாய். "இல்லை, என்ர கைதான்" என்று மெல்லச் சொன்னாய். நான் அதையும் மறுக்கவில்லை.

அதன்பிறகு நீ கடலுக்குப் போகவில்லை. நிலாவெளிப் பக்கம் துண்டுக் காணி எடுத்து வெங்காயம் வைத்தாய். வெங்காயத் தாளை எல்லோரும் கத்தியால் நறுக்க, நீ மட்டும் கையால் முறுக்கிப் பிடுங்குவாய். ஊர் விட்டுவிடவில்லை. "அவசரக்காரன், கத்தியை முறிச்சுத் தம்பியைக் கடலுக்குக் குடுத்தவன்" என்று பின்னால் கதைத்தார்கள். உன் ஆத்தை அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். உன் வீட்டில்தான் இருந்தார், ஆனால் உன் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. உன்னைக் கட்டி வந்த பூரணம் போட்டால் சாப்பிடுவார். நீ சோற்றுக் கோப்பையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு தைப்பொங்கலன்று நீ பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வாங்காமல் விட, அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்து, "நீ சாப்பிடு மச்சான்" என்றாய். நான் சாப்பிட்டேன். எப்படி உள்ளே இறங்கிற்று என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

அந்த வருடங்களுக்குள்தான் எனக்கும் கலியாணம், பிள்ளைகள். உனக்கும் அப்படியே. உன் மூத்தவனுக்குத் தம்பியின் பெயரையே வைத்தாய். நல்லது கெட்டது எல்லாவற்றிலும் நாம் ஒன்றாய்த்தான் நின்றோம். என் வீட்டு அலுமாரிப் பூட்டுப் பழுதானால்கூட நீ சைக்கிளில் வந்துவிடுவாய். நான் உனக்கு நல்லவனாயிருக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில். நெஞ்சுச் சளி கட்டி நீ மூச்சுக்குத் தத்தளித்துக்கொண்டிருந்தாய். அன்று சொல்லிவிடுவது என்று உறுதியோடுதான் வந்தேன். பூரணத்தைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினேன். கதிரையை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்குமுன் நீ கதைக்கத் தொடங்கினாய்.

"நீ ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா எண்டனி, ஞாபகமோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஏதோ சின்ன வேலை இருக்கு எண்டனி. நான் வரேல்ல. கங்காணியிட்ட ஒரு மணித்தியாலம் கேட்டிருந்தா விட்டிருப்பான். நான் கேக்கேல்ல. கொண்டு வந்திருந்தா நீ ஏதாவது செய்திருப்பாய். தவராசா இருந்திருப்பான்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா என்ற அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால்தான் நான் முப்பத்தைந்து வருடம் ஒளிந்திருந்தேன், மச்சான். நான் சொன்னேன், அவன்தான் கொண்டுவரவில்லை என்று மனசாட்சிக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே வசனத்தை நீ மறுபக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு உன்னை நீயே அறுத்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. "இல்லையடா, பிழை என்னுடையது" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பழசுகளைக் கதையாதை, மூச்சு வாங்கும்" என்றேன். பூரணம் தேத்தண்ணியோடு வந்தா. மறுநாள் விடியக் காலையில் நீ போய்விட்டாய்.

உன் முப்பத்தோராம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து சனங்கள் கலைந்தபின், குசினி வாசலில் பூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ சோறு வடித்த கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தா. நான் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டா.

"அவர் உங்களிட்டக் கேட்டவரோ, அண்ணை?"

"ஓம். கடற்கரையில ஒருக்காக் கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"உப்பு எண்டு சொன்னனான்."

அவ அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. "ஒவ்வொரு நாளும் விடிய எழும்பினவுடன தன்ர கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்" என்றா. "நான் என்னவோ வருத்தம் எண்டு எண்ணெய் பூசிவிட்டனான். அந்தக் கையில பிழையில்லை எண்டு சொல்ல உங்களால மட்டும்தானே ஏலும். இப்ப என்னட்ட வந்து சொல்லுறீங்கள். எனக்கு என்னத்துக்கு இது?"

அவ சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா. "வாங்கோ" என்றா.

முன்னால் நடந்தா. நான் பின்னால் போனேன். கடற்கரையில் மீன் வாடிக்கு முன்னால் கிழவர்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தார்கள். அந்த வத்தையில் உங்களோடு இருந்த இருவரில் ஒருவரும் அதில் இருந்தார். உன் மூத்தவனும் அங்கேதான் நின்றான். பூரணம் எல்லோரையும் பார்த்து, "இவர் ஒரு கதை சொல்ல வந்திருக்கிறார், கேளுங்கோ" என்றா. என்னைப் பார்த்து, "எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ" என்றா.

சொன்னேன். வெயில் முகத்தில் அடித்தது. கத்தியின் பதத்தை நான் இறக்கவில்லை, முறிந்ததற்கு அவன் கை காரணமில்லை, ஏனென்று கேட்டபோது பொய் சொன்னேன். மூன்றையும் உரத்துச் சொன்னேன். அந்த வத்தைக்காரர் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, "ஆத்தை இருக்கேக்க சொல்லியிருக்கலாம்" என்றார். உன் மகன் என்னை அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும். அவன் கிட்ட வந்து, "பஸ் நாலு மணிக்கு, மாமா. பிந்தினா வேற இல்லை" என்றான். பஸ் வரும்வரை கூடவே நின்றான்.

இப்போது சல்லியில் உன்னைப் பற்றிய கதை மாறிவிட்டதாம். அவசரக்காரன் என்று எவரும் சொல்வதில்லையாம். பூரணம் என் வீட்டுக்கு வருவதில்லை. அது நியாயம். கோயில் திருவிழாவுக்கு நான் போனபோது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உனக்கு அவர்கள் எப்படித் திருப்பினார்கள் என்று அப்போது விளங்கிற்று. நீ அதை இத்தனை காலம் எப்படித் தாங்கினாய் என்று கேட்க நீ இல்லை.

மச்சான், உன் கையில் பிழை இருக்கவில்லை. ஒரு பதற்றத்தில் இரண்டு பிரியை அறுத்த கை அது. நல்ல கத்தியொன்று அதில் இருந்திருந்தால் தவராசா ஆவணியில் மாப்பிள்ளையாய் நின்றிருப்பான். இதை இன்று உன் பெண்சாதி அறிவா, உன் பிள்ளைகள் அறிவார்கள், ஊர் அறியும். உன்னைத் தவிர எல்லோரும் அறிவார்கள்.